அவுட்ஸ்டேஷன் வேலையும் அன்றாட ஜெபமும்

வீட்டில் ஒழுங்காக ஜெபிக்கிறவர்கள் வெளியூர் போனால் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கள் விசுவாசத்தில்தான் ஏதோ கோளாறு என்று அவர்களே பயந்துகொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. வீட்டில் அந்தப் பழக்கத்தைத் தாங்குவது ஒரு நாற்காலி, ஒரு மேசை, பக்கத்தில் வந்து உட்காரும் மாமியார், அடுப்பில் கொதிக்கும் தண்ணீர். இவை எதுவும் பையில் வராது. வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். எதைப் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

நான் கோலாலம்பூர் செந்தூல்வாசி. கணக்குத் தணிக்கை வேலை. மாதாமாதம் பினாங்குக் கிளையில் ஒரு வாரம் போய் உட்கார வேண்டும், இடையில் ஈப்போ, தைப்பிங் என்று அலைச்சல் வேறு. எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சபையில் படித்து முடித்து வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள், முதல் அவுட்ஸ்டேஷன் வந்ததும் என்னிடம் வருவார்கள். "அக்கா, அங்க போய் எப்படி ஜெபம் பண்றீங்க? ரூமுக்கு வந்தா கட்டில்தான் தெரியுது." அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊர் சுற்றும் நாட்களில் ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். எப்படியும் நடந்தே தீரும் ஒரு காரியத்தோடு கட்டுங்கள். காலை ஆறு மணியை நம்ப முடியாது. ஒருநாள் ரயிலில் இருப்பீர்கள், ஒருநாள் விமான நிலைய வரிசையில் நிற்பீர்கள், இன்னொரு நாள் நள்ளிரவு தாண்டிக் கணக்குப் பார்த்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் வண்டி ஏறுவீர்கள். அறைக் கதவைத் திறப்பீர்கள். சாப்பிடுவீர்கள். படுப்பீர்கள். எந்த ஊருக்குப் போனாலும் இந்த நாலும் உண்டு. ஒவ்வொன்றோடும் ஒரு சின்ன ஜெபத்தைச் சேர்த்துவிட்டால் நேரம் தேடி அலைய வேண்டாம், அந்தக் காரியமே ஞாபகப்படுத்திவிடும்.

வண்டி ஏறும் முன்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் யாராவது பயணம் கிளம்பினால் 121-ஆம் சங்கீதம் வாசிக்காமல் அனுப்ப மாட்டார்கள். பெட்டி வாசலில் இருக்கும், கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், போகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியும் எல்லாரும் கூடத்தில் நின்று வாசித்து முடித்தால்தான் கேட் திறக்கும். மொத்தம் எட்டு வசனம். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்" என்பது கடைசி.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலை ரயிலைப் பிடிக்கத் தனியாகக் கிளம்பும்போது வீட்டில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். இருட்டில் வேதத்தைத் தேடி எடுத்து வாசிக்கவும் முடியாது. ஆகவே மனப்பாடம் வேண்டும். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் ஒப்பித்தது பாதி மறந்திருக்கும், ஒரு வாரம் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தால் திரும்ப வந்துவிடும். கேஎல் சென்ட்ரலுக்குப் போகும் கிராப் காரில் நான் வாய்க்குள் அதைச் சொல்லிக்கொண்டே போவேன். ஓட்டுநருக்குக் கேட்காது. கேட்டாலும் பரவாயில்லை, அவருக்கும் சேர்த்துத்தான்.

நிறையப் பேர் 121-ஓடு நின்றுவிடுகிறார்கள். அது ஒரு தொகுப்பில் இரண்டாவது. 120 முதல் 134 வரை பதினைந்து சங்கீதங்களுக்குத் தலைப்பில் 'ஆரோகண சங்கீதம்' என்று போட்டிருக்கும். பண்டிகைக்காக எருசலேமுக்கு ஏறிப்போன ஜனங்கள் வழிநெடுகப் பாடியவை என்று பரவலாகச் சொல்வார்கள். 132 மட்டும் 18 வசனம். மற்ற பதினான்கும் ஒன்பது வசனத்துக்குள் முடிந்துவிடும். 131, 133, 134 மூன்றும் மும்மூன்று வசனம்தான். நாளுக்கு ஒன்று என்று வைத்தால் இரண்டு வாரப் பயணத்துக்குப் போதும். வெளியூர் வாசிப்புக்கு இதைவிடத் தோதான பகுதி வேதத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

ஓராண்டில் வேதம் முழுவதையும் வாசித்து முடிக்கும் அட்டவணை வைத்திருக்கிறவர்கள் அதை ஹோட்டலுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். எண்ணாகமத்தில் கோத்திரக் கணக்கு நடக்கும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள், பகல் முழுக்க நிறுவனக் கணக்கு பார்த்த கண் ராத்திரி அதில் நிற்காது. வீட்டு வேதத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து மூடிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து அதே இடத்தில் தொடரலாம், அட்டவணையில் ஒரு வாரம் தள்ளிப் போனால் யாரும் சம்பளத்தில் பிடிக்கப் போவதில்லை. மாதக்கணக்கில் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு நீதிமொழிகள் நல்லது. 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. நேற்று எங்கே விட்டோம் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. இன்று 14-ஆம் தேதி என்றால் 14-ஆம் அதிகாரம், அவ்வளவுதான்.

வழியில்

கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஈடிஎஸ் என்ற விரைவு மின்சார ரயிலில் நாலு மணி நேரத்துக்குமேல் ஆகும். வீட்டில் கிடைக்காத நேரம் இது. ஆனால் கையில் போன் இருக்கும்வரை அது கிடைத்த மாதிரி ஆகாது. போனில் வேதத்தைத் திறப்போம், இரண்டாவது வசனத்தில் மேலே வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கும், மேலாளர் ஒரு பைல் கேட்டிருப்பார், அதோடு போச்சு. ஆகவே சங்கீதமும் சேர்ந்த சின்னப் புதிய ஏற்பாடு ஒன்றைக் கைப்பையில் போட்டு வையுங்கள். உள்ளங்கை அளவுதான், கனமில்லை. போன்தான் வசதி என்றால் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு வாசியுங்கள். அதற்கு முதல்நாளே வீட்டு வைஃபையில் தமிழ் வேதத்தை இறக்கி வைத்திருக்க வேண்டும். படாங் ரெங்காஸ் தாண்டி பெராப்பிட் சுரங்கப்பாதை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளம். மலைக்குள் போய் லைன் தேடுவதில் அர்த்தமில்லை.

வாய் அசைத்து வாசியுங்கள். இது முக்கியம். சும்மா கண்ணால் ஓட்டினால் ரயில் ஆட்டத்தில் தூக்கம் வந்துவிடும். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயா வாசித்துக்கொண்டு போகிறார். அதைப் பிலிப்பு காதால் கேட்டான் என்று எழுதியிருக்கிறது. சத்தமாகத்தான் வாசித்திருக்கிறார். நமக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை, பக்கத்து சீட்டில் ஆள் தூங்கும். உதடு அசைந்தால் போதும். ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள் ஜன்னலோரம் வந்து நிற்கும். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற வரியை நான் அங்கே போய்த்தான் சொல்வது. காடு, செம்பனை, மறுபடி செம்பனை என்று ஓடும் வழியில் அந்த மலைகள் வந்ததும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒலி வேதம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், நாலு சுவிசேஷங்களில் சிறியது. ஜாலான் டூத்தா டோலில் போட்டுவிட்டால் ஈப்போவுக்குள் முடிந்துவிடும். நாம் ஞாயிற்றுக்கிழமை கேட்பது ஒரு துண்டு, அடுத்த வாரம் வேறொரு துண்டு. கதையாக ஒரே மூச்சில் கேட்கும்போதுதான் இயேசு எவ்வளவு நடந்திருக்கிறார், எத்தனை தரம் படகேறிக் கடலைத் தாண்டியிருக்கிறார் என்பதே உறைக்கிறது. அவரும் ஓயாமல் பயணத்திலேயே இருந்தவர்தான். ஓட்டும்போது ஜெபிக்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. பாடுவது அதைவிட நல்லது, தூக்கமும் வராது.

பிள்ளைகளோடு போகும்போது நீளமான எதுவும் செல்லாது. நாங்கள் ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம். தாப்பா ஓய்விடத்துக்குள் யார் முழுசாகச் சொல்கிறார்களோ அவர்கள் கேட்ட குளிர்பானம். என் மகள் இதில் படு உஷார். வேதத்திலேயே சின்ன வசனம் எது என்று தேடி "இயேசு கண்ணீர் விட்டார்" என்று ஒப்பித்துவிட்டு ஐஸ் மைலோ கேட்டாள். வாங்கித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

அறைக்குள்

சாவி அட்டையைச் சொருகி விளக்கு எரிந்ததும் முதல் வேலையாக என்ன செய்கிறீர்களோ, அந்த அறையில் கடைசிவரை அதுதான் நடக்கும். டிவியைப் போட்டால் டிவிதான். அதனால் பெட்டியைக் கீழே வைத்ததும் வேதத்தை எடுத்து வெளியே வையுங்கள். ஜன்னலோர நாற்காலியை மேசைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடுங்கள். அந்த நாற்காலியில் லேப்டாப் ஏறக்கூடாது. ஒரு நிமிஷம் அதில் உட்கார்ந்து, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு எழுந்தால், மறுநாள் காலையில் எங்கே உட்காருவது என்ற கேள்வி வராது. முழங்கால் போடுகிறவர்கள் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் கம்பளத்தை நான் நம்புவதில்லை.

நம் நாட்டு ஹோட்டல் அறைகளில் கூரையிலோ இழுப்பறைக்குள்ளோ கிப்லா அம்புக்குறி, முஸ்லிம்கள் தொழும் மக்காவின் திசையைக் காட்டுவது, ஒட்டியிருக்கும். பார்த்துவிட்டு நமக்கில்லை என்று கடந்துவிடுவோம். எனக்கு அதைப் பார்க்கும்போது தானியேல் ஞாபகம் வரும். அந்நிய தேசத்தில் இருந்துகொண்டு, எருசலேமுக்கு நேராகப் பலகணியைத் திறந்து வைத்துத் தினமும் மூன்று வேளை முழங்காற்படியிட்டவர். நமக்குத் திசை விதிக்கப்படவில்லை. ஆனாலும் இந்த அறைக்கு வந்துபோன எத்தனையோ பேர் இங்கே ஜெபித்திருப்பார்கள் என்று அந்த அம்பு சொல்கிறது, அது எனக்குத் தைரியமாகத்தான் இருக்கிறது.

அறையை இன்னொருவரோடு பகிர வேண்டியிருந்தால் முதல் நாள் இரவே பேசிவிடுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு போர்வைக்குள் ஜெபிப்பது இரண்டு நாளில் நின்றுபோகும். என்னோடு அடிக்கடி வருகிறவர் ஒரு மலாய்க்கார அக்கா, 'காக்' என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் ஒரு முறை தானாக அமைந்துவிட்டது. ஜார்ஜ்டவுனில் நாங்கள் தங்கும் இடத்திலிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் கிட்டம். ஆறு மணியை ஒட்டி சுபுஹ் பாங்கு, விடியற்காலைத் தொழுகைக்கான அழைப்பு, கேட்கும். அவர் எழுந்து தொழுகை விரிப்பைப் போடுவார். நான் படுத்தபடியே விழித்திருப்பேன். முடிந்ததும் அவர் விரிப்பை மடித்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, கெட்டிலில் தண்ணீர் ஊற்றி சுவிட்சைத் தட்டுவார். அந்தக் கெட்டில் சத்தம்தான் எனக்கு அடையாளம். அவர் குளிக்கப் போகிற நேரம் என் வாசிப்பு. ஒருநாள் நான் அசதியில் புரண்டு படுத்ததைப் பார்த்துவிட்டு, "எழுந்திரு, உன் முறை" என்று கால் விரலைப் பிடித்து இழுத்தார். வெளியே இன்னும் இருட்டுதான், நம் பக்கம் ஏழு மணிக்குமேல்தானே பொழுது விடியும். கோப்பி ஓ ஒரு கப், 127-ஆம் சங்கீதம், அவ்வளவுதான் அன்றைக்கு.

ஒன்பது மணிக் குடும்ப ஜெபம்

தனி ஜெபத்துக்கு ஆயிரம் வழி சொல்லலாம். பயணத்தில் நிஜமாகவே அறுந்துபோவது குடும்ப ஜெபம். அதைப் போனில் நடத்த முடியும், ஆனால் சில நடைமுறைகள் தெரிந்திருக்க வேண்டும்.

வீடியோ வேண்டாம், குரல் போதும். வீடியோ என்றால் பிள்ளைகள் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அத்தை கேமராவில் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டிருப்பார். வீட்டுப் போனை ஒரு வெறும் எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்தால் சத்தம் கூடத்துக்கே கேட்கும். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு டம்ளர் இருக்கிறது, அதில் வேறு யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அத்தை அதற்குமேல் குனிந்து, "ஏம்மா, சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே?" என்று டம்ளரை விசாரித்துவிட்டுத்தான் பாட்டு எண்ணைச் சொல்வார்.

பாட்டில்தான் குழப்பம் வரும். போனில் குரல் கொஞ்சம் தாமதமாகப் போகும். இரண்டு பக்கமும் சேர்ந்து பாடினால் அங்கே இரண்டாம் அடி, இங்கே முதலடி என்று கீர்த்தனை பிய்ந்துவிடும். ஆகவே வீட்டில் இருக்கிறவர்கள் மட்டும் பாடட்டும். நீங்கள் மைக்கை அணைத்துவிட்டு அறையில் தாராளமாகப் பாடுங்கள். வேத வாசிப்பை வெளியூரில் இருப்பவர் எடுத்துக்கொள்வது நல்லது, ஒற்றைக் குரல் தெளிவாகப் போய்ச் சேரும். அதைவிடப் பெரிய காரணம், அன்றைக்கு அம்மா வீட்டில் இல்லாவிட்டாலும் அம்மா குரலில்தான் வேதம் கேட்டது என்று பிள்ளைகளுக்கு இருக்கும். வாசித்ததும் ஆளுக்கு ஒரு விண்ணப்பம், ஒரு வரி. நாலாம் படிவத்தில் இருக்கும் என் மகன் நேரில் வாயே திறக்க மாட்டான். போன் என்றால் "கணிதத் தேர்வுக்கு" என்று இரண்டு வார்த்தை வரும்.

முடிவு ஜெபம் அத்தை. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, சுங்கை சிப்புட்டில் இருக்கும் தங்கை வீடு, தங்கையின் மருமகள், அந்த மருமகளின் முழங்கால் வலி என்று போய்த்தான் ஆமென். சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு உட்காருங்கள், வேறு யோசனை என்னிடம் இல்லை. குறைக்கச் சொல்லவும் எனக்கு மனசு வராது, நான் போகிற ஊர் பெயர்கூட அந்த வரிசையில் வரும்.

வாடிக்கையாளரோடு சாப்பாடு என்று ஒன்பது மணி தாண்டும் என்று தெரிந்தால், மாலையிலேயே சங்கீதத்தை வாசித்து ஆடியோவாக அனுப்பிவிடுங்கள். பிள்ளைகள் அதை டம்ளரில் போட்டுக் கேட்பார்கள். ஒருமுறை அத்தை அந்த ஆடியோவுக்கு ஆமென் சொல்லிவிட்டு, "சரிம்மா, நேரத்தோட படு" என்றும் சொன்னாராம். பதில் வரவில்லை என்று கொஞ்ச நேரம் கோபமாக வேறு இருந்திருக்கிறார்.

ஊருக்கு, அதாவது தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் நேர வித்தியாசத்தைக் கவனியுங்கள். நமக்கு ஒன்பது என்றால் அங்கே ஆறரை. கல்யாண வீட்டில் ஆறரை மணிக்கு ஒதுங்குவது எளிது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேசையில்

இதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாய் வந்துவிட்டது, மேசையில் நாலு பேர், எல்லாரும் பிய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணைத் திறந்துகொண்டு மனசுக்குள் ஒரு வரி நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடலாம். தலை குனிந்து கண் மூடி ஜெபிக்க விரும்பினால் அதுவும் சரி, இந்த நாட்டில் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுகிறவரோடு தினமும் உட்காரும் ஊர் இது. மற்றவர்களைக் காத்திருக்க வைக்கும் அளவு நீட்டாமல் இருந்தால் போதும்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் புலால் விடுகிறவர்களுக்குத்தான் வெளியூரில் திண்டாட்டம். நாசி லெமாக்கில் முட்டையையும் நெத்திலியையும் ஒதுக்கிவிட்டோம் என்று நினைப்போம், சம்பாலுக்குள்ளேயே நெத்திலியும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் அரைபட்டிருக்கும். காய்கறிப் பிரட்டல் என்று கேட்டாலும் மேலே காய்ந்த இறால் தூவி வரும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பினாங்கில் லிட்டில் இந்தியா பக்கம் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும், சீனர்களின் சைவக் கடைகளும் நிறைய. இரண்டாவதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். மேலாளர் விருந்துக்கு அழைத்துக் கறியைத் தட்டில் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டாள். முந்தின நாளே சொல்லி வை என்றேன். வைத்தபின் தட்டைத் தள்ளிவிட்டு அவரைச் சங்கடப்படுத்தும் உபவாசத்தில் எனக்கு விருப்பமில்லை.

ஞாயிறு

வேலை சனிக்கிழமை முடிந்து, ஞாயிறு மாலை திரும்புவதாக இருந்தால் வியாழக்கிழமையே சபைக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். எந்த மொழி ஆராதனை எத்தனை மணிக்கு என்பதுதான் முதல் கேள்வி. ஒரே வளாகத்தில் காலை ஆங்கிலம், அப்புறம் தமிழ், மத்தியானம் பஹாசா மலேசியா என்று நடப்பது இங்கே சகஜம். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் நம்பிப் போனால் புரியாத மொழியில் பிரசங்கம் கேட்க நேரும். அன்றைக்குத் திருவிருந்து உண்டா என்றும் கேளுங்கள். மெதடிஸ்ட் சபையில் வெளியாட்களும் பந்திக்கு வரலாம். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை கத்தோலிக்கருக்குத்தான், மற்றவர்கள் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். லூத்தரன் சபையென்றால் போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

பினாங்கில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு ஜாலான் பினாங்கில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் பழக்கப்பட்ட இடம். கோலாலம்பூருக்கு வேலையாக வருகிறவர்களுக்கு இன்னும் சுலபம், கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ்தான். சீயோன் லூத்தரன் தேவாலயமும் பாத்திமா மாதா ஆலயமும் அங்கேயே. ஜாலான் ராபர்ட்சனில் புனித அந்தோனியார் ஆலயம். ஜூலை கடைசியில் பினாங்குப் பக்கம் வேலை விழுந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். 26-ஆம் தேதி புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழா. நாடு முழுவதிலுமிருந்து ஜனம் வரும், சிங்கப்பூரிலிருந்தும் வரும். தங்குமிடம் கிடைப்பது கஷ்டம், சாலையும் நகராது. ரயில் அங்கே நிற்கும், அதில் போய்விடுங்கள். நான் மெதடிஸ்ட்காரிதான், ஆனாலும் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நடந்திருக்கிறேன்.

ஆராதனை நேரம் ஒத்துவராத ஞாயிறில் நடந்துகொண்டே ஜெபிப்பது என் வழக்கம். லெபோ ஃபார்குவாரில் புனித ஜார்ஜ் ஆலயத்தின் வெள்ளைத் தூண்களிலிருந்து தொடங்குவேன். 1818-இல் கட்டி முடித்த ஆங்கிலிக்கன் ஆலயம் அது. இந்தியாவிலிருந்து இங்கே நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு அந்தச் சுவர்களில் இருக்கிறது. அவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேரோ என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். அங்கிருந்து கடற்கரைத் திடலுக்கு மெதுவாக நடந்தால் பத்து நிமிஷம். ஒரு தெருவுக்கு ஒரு ஆளை நினைத்து ஜெபிப்பது, முச்சந்தி வந்தால் அடுத்த ஆள். கண் மூடி உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் மனசு ஓடிவிடும், நடக்கும்போது ஓடாது. சபைக்குப் போகாததால் காணிக்கை மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் சொந்த சபையின் கியூஆர் போனில் இருக்கும்.

படுக்கும் முன், முடியாத இரவுகளில்

சில இரவில் ஒன்றும் முடியாது. கணக்கு இடித்திருக்கும், கிளை அதிகாரியோடு வாக்குவாதம் நடந்திருக்கும், தலைவலி. அப்போது நாலாம் சங்கீதத்தின் கடைசி வசனம் ஒன்று போதும். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." பழக்கமில்லாத கட்டிலில், பக்கத்து அறைச் சத்தத்துக்கு நடுவில் இதைச் சொல்லும்போது அந்த 'தங்கப்பண்ணுகிறீர்' வீட்டில் கேட்பதைவிட நெருக்கமாக இருக்கும். அதுவும் வரவில்லையா, பரமண்டல ஜெபத்தை வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள். மறுநாள் இரண்டு மடங்காக ஈடுகட்ட வேண்டாம். இரண்டு மடங்கு கடன் மூன்றாம் நாள் நாலு மடங்காகும், அப்புறம் மொத்தமாக விட்டுவிடுவீர்கள். இதில் மட்டும் தணிக்கைக்காரி சொல்வதைக் கேளுங்கள், விட்ட நாளை விட்டதாகவே எழுதுங்கள்.

பரிசுத்த வாரம்

பெரிய வெள்ளிக்கு சபாவிலும் சரவாக்கிலும் பொது விடுமுறை. தீபகற்பத்தில் இல்லை. பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை நடக்கும்போது நீங்கள் ஏதோ ஒரு கிளையில் சரக்கு இருப்பு எண்ணிக்கொண்டிருக்க வேண்டிவரும். கடைசி நேரத்தில் விடுப்பு கேட்டால் கிடைக்காது, மார்ச், ஏப்ரல் கணக்கு முடிக்கும் காலம். ஈஸ்டர் வருஷா வருஷம் மாறுவதால் மேலாளருக்கு அந்த நாள் ஞாபகம் இருக்காது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. புது வருஷ விடுப்பு அட்டவணை போடும்போதே தேதியை எழுதிக் கொடுத்துவிடுங்கள். 2026-இல் ஏப்ரல் 3, 2027-இல் மார்ச் 26. அந்த வாரம் பினாங்கில்தான் வேலை என்றால் அங்கேயே ஒருநாள் விடுப்பு எடுங்கள், ரயிலேறி வீட்டுக்கு ஓடி வர வேண்டியதில்லை. மும்மணி ஆராதனை அங்கேயும் உண்டு. திரும்புகிற டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், வார இறுதி ரயிலில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.